நான் வேலையில் நிற்கிறேன்

1

தங்கச்சியின் கடிதம் போன கிழமை வந்து சேர்ந்தது. ஊர் இப்போது இருக்கிற நிலைமையில் அது எந்த வழியால், எத்தனை கை மாறி வந்ததோ தெரியாது. உறையின் ஒரு மூலை நனைந்து காய்ந்திருந்தது. பிள்ளைகளின் படிப்பு, பக்கத்து வளவுக்காரரின் சண்டை, மண்ணெண்ணெய் கிடைக்காத கஷ்டம் எல்லாம் எழுதிவிட்டு, கடைசியில் இடம் மிஞ்சியதால் போலும், ஒரு கேள்வி கேட்டிருந்தாள். "அக்கா, நீ இன்னும் அந்த வேலையிலைதான் நிக்கிறியோ?"

நான் உரத்து வாசித்தேன். தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த இவருக்குப் புரை ஏறிவிட்டது. மகள் மதுரா அறைக்குள் இருந்து ஓடிவந்து, "சித்தி என்ன கேட்டாங்க? திரும்பப் படிங்கம்மா, திரும்பப் படிங்க" என்று குதித்தாள். மூன்று பேரும் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தோம். பாவம், அவள் சுகம் விசாரித்துத்தான் கேட்டாள். நாங்கள் இப்படிச் சிரித்தது தெரிந்தால் இனிமேல் கடிதமே போடமாட்டாள்.

அவளுக்குத் தனியாகப் பதில் எழுதிவிட்டேன். ஆனால் சிரிப்புக்கான காரணம் ஒரு கடிதத்துக்குள் அடங்காது. அதனால்தான் ஊரிலும் வெளியிலும் இருக்கும் உங்கள் எல்லோருக்குமாக இதை எழுதுகிறேன். வெளிநாட்டில் இருப்பவர்கள் எழுத உட்கார்ந்தால் குளிரைப் பற்றி எழுதுவார்கள். மலேசியாவில் குளிரே இல்லை. என்னிடம் இருப்பது என் வேலை போன கதையும் அது திரும்பி வந்த கதையும்தான். பயப்படாமல் வாசியுங்கள், நல்லபடியாகத்தான் முடிகிறது.

2

யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் இருந்து கல்யாணமாகிக் கோலாலம்பூருக்கு வந்து இருபது வருடமாகிறது. இவருடைய தகப்பனார் அந்தக் காலத்தில் ரயில்வே வேலைக்கென்று வந்தவர். இவர் இங்கேயே பிறந்து, அதே ரயில்வேயின் கந்தோரில் கிளாக்கராக இருக்கிறார். பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருக்கிறோம். அரசாங்க வேலைக்காரரின் நிம்மதியை இவர் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். காய்ச்சல் என்றால் லீவு, கல்யாணம் என்றால் லீவு, வருடக் கடைசியில் லீவு மிஞ்சிப் போனால் அதற்கும் ஒரு கவலை.

என் வேலை அந்த ரகம் இல்லை. ஊரில் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் மூன்று வருடம் இருப்புப் புத்தகம் எழுதியவள் நான். மதுராவுக்குப் பதினொரு வயதானதும், இனி வீட்டில் இருந்து சுவரைப் பார்க்க முடியாது என்று வேலை தேடினேன். கந்தோர்கள் என் சான்றிதழ்களை மரியாதையாகப் பார்த்து மரியாதையாகத் திருப்பித் தந்தன. மலாய்ப் பரீட்சை பாஸ் இல்லையாம். கடைசியில் பங்சாரில் ஒரு கடைக்கு மேல்மாடியில் இருந்த ஏஜென்சி ஒன்றுதான் என்னை எடுத்தது.

இந்த ஏஜென்சி விஷயம் உங்களில் பலருக்குப் புதிதாக இருக்கும். ஒரு தொழிற்சாலைக்கு ஆள் வேண்டும், ஆனால் தன் ஆள் என்று பதிய விருப்பமில்லை. அப்போது அது ஏஜென்சியிடம் கேட்கும். ஏஜென்சி என்னைப் போல ஒருத்தியை எடுத்து, மூன்று மாதத்துக்கென்று ஒரு பேப்பரில் கையெழுத்து வாங்கி, அங்கே அனுப்பும். தொழிற்சாலை ஏஜென்சிக்குக் கொடுக்கும், ஏஜென்சி எனக்குக் கொடுக்கும். என்னைச் சுங்கை வேயில் ஒரு மின்சாதனத் தொழிற்சாலையின் ஸ்டோருக்கு அனுப்பினார்கள். எந்தச் சாமான் எத்தனை இருக்கிறது என்று அட்டைகளில் எழுதி அடுக்கும் வேலை. சங்கத்தில் அரிசிக்கும் சீனிக்கும் எழுதியதை இங்கே ஸ்குரூவுக்கும் வயருக்கும் எழுதினேன். தொழிற்சாலையில் என்னை "ஏஜென்சி ஆள்" என்பார்கள். ஏஜென்சிக்குப் போனால் "சுங்கை வே ஆன்டி" என்பார்கள்.

மூன்று மாதம் முடிகிற அன்று ஒரு வழக்கம் உண்டு. "நாளைக்கு ஒரு நாள் வீட்ல இருங்க ஆன்டி, நாளன்னிக்கு வந்து புதுப் பேப்பர்ல சைன் பண்ணுங்க" என்பார் ஏஜென்சி முதலாளி. இங்கே எல்லோரும் முதலாளியை 'போஸ்' என்றுதான் சொல்வார்கள், நானும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டேன். அந்த ஒரு நாளுக்குப் 'பிரேக்' என்று பெயர். நான் அதை போஸின் நல்ல மனதென்று நினைத்திருந்தேன். அன்றைக்குத் திரைச்சீலைகளைக் கழற்றித் தோய்ப்பேன். ஆறு வருடமாக மூன்று மாதத்துக்கொரு தடவை எங்கள் வீட்டுத் திரைச்சீலை சுத்தமாக இருந்தது இப்படித்தான். தொடர்ந்து வேலை செய்தவள் என்று நான் ஒருநாளும் சொல்ல முடியாமல் இருக்கத்தான் அந்த ஒரு நாள் என்பது என் மண்டைக்கு எட்டவேயில்லை.

ஒவ்வொரு பேப்பரின் தலையிலும் 'செமெந்தாரா' என்று இருக்கும். தற்காலிகம் என்பதற்கு மலாய்ச் சொல். ஊரில் அரசாங்கப் பேப்பர்களில் 'அமைய அடிப்படையில்' என்று போடுவார்களே, அதேதான். சங்கத்தில் அமைய ஆளாக இருந்த ஒருவர் முகாமையாளரைக் கண்டால் எழுந்து நிற்பார், அவருடைய சைக்கிளைக் கண்டாலும் எழுந்து நிற்பார். அப்போது அவரைப் பார்த்துச் சிரித்தவள் நான். இங்கே ஆறு வருடத்தில் ஒரு நாள் லீவு கேட்டதில்லை. காய்ச்சலோடு போயிருக்கிறேன், பல்வலியோடு போயிருக்கிறேன். கேட்டால் அடுத்த பேப்பர் வராது என்ற பயம்தான்.

இவருக்கு இரண்டு வருடத்தில் ஓய்வு. அன்றோடு குவார்ட்டர்ஸைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். சொந்தமாக ஒரு பிளாட் எடுக்கலாம் என்று வங்கிக்குப் போனபோது, ஓய்வுபெறப் போகிறவரின் வேலையை மட்டும் நம்ப முடியாது, மனைவி நிலையாக ஒரு இடத்தில் வேலை செய்கிறார் என்று கடிதம் கொண்டுவாருங்கள் என்றார்கள். அந்த ஆறு வருடத்தைத்தான் நாங்கள் மலைபோல நம்பியிருந்தோம். வீட்டுக் கதை ஒருபுறம் இருக்க, இன்னொன்றும் சொல்லவேண்டும். இந்த ஊரில் நான் இவருடைய மனைவி, மதுராவின் அம்மா. என் சொந்தப் பெயரைச் சொல்லி என்னைத் தேடிய ஒரே இடம் அந்த ஸ்டோர்தான்.

3

இங்கே இருக்கும் தமிழர்களில் பெரும்பாலானோரின் பேச்சு தமிழ்நாட்டுப் பேச்சு. அதற்குள் மலாயும் இங்கிலீஷும் கலந்திருக்கும், வாக்கியக் கடைசியில் ஒரு 'லா'வும் ஒட்டிக்கொள்ளும். எங்கள் வீட்டில் எங்கடை தமிழ். வந்த புதிதில் இதனால் பட்டபாடு கொஞ்சமில்லை. ஸ்டோரில் சேர்ந்த முதல் கிழமை ஒரு பெண் வந்து, "அக்கா, மேனேஜர் உங்ககிட்ட பேசணுமாம்" என்றாள். நமக்குப் பேச்சு என்றால் ஏச்சல்லவா. என்ன பிழை விட்டேனோ என்று நடுங்கிக்கொண்டு போனால், அந்த மனுஷன் எனக்குக் கதிரை போட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டார்.

இப்படிப்பட்ட சொற்களை எல்லாம் ஒவ்வொன்றாகப் பழகிவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன். ஒன்று மட்டும் தப்பிவிட்டது.

ஊரில் வாசல் படலையடியில் நின்று "அண்ணை நிக்கிறாரோ?" என்று கேட்கிறோம். "நிக்கிறார், படுத்திருக்கிறார்" என்று பதில் வரும். ஒருத்தருக்கும் அதில் குழப்பமில்லை. நிற்பது என்றால் நமக்கு இருப்பது. இங்கே அப்படி இல்லை. இங்கே "வேலை நின்னுட்டேன்" என்றால் வேலையை விட்டுவிட்டேன் என்று அர்த்தம். இது எனக்குத் தெரியாத சொல்லும் இல்லை. பஸ்ஸில், கடையில் எத்தனையோ தடவை காதில் விழுந்திருக்கிறது. ஆனால் தலை போகிற நேரத்தில் காது இந்த ஊர்க் காதாக இருப்பதில்லை.

4

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிள்ளானில் ஒரு கல்யாணம். பந்தியில் இருந்த என் மனுஷன் சாப்பாட்டில் கை வைக்காமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இருந்தார். சாப்பாட்டு விஷயத்தில் இவர் அப்படி இருந்து நான் கண்டதில்லை. நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். குடல்வால் வெடித்துவிட்டது, உடனே ஒப்பரேஷன் செய்யவேண்டும் என்றார்கள்.

இரவு முழுக்க வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்தேன். விடிந்ததும் வேலை ஞாபகம் வந்தது. கீழே பொதுத் தொலைபேசிக்கு முன்னால் ஒரு வரிசை. என் முறை வந்தபோது பின்னால் இருந்தவர் "சீக்கிரம் அக்கா, சீக்கிரம்" என்று சில்லறையைக் குலுக்கிக்கொண்டு நின்றார். ஏஜென்சிக்கு எடுத்தேன். அங்கே தொலைபேசி எடுப்பது அமுதா என்ற பெண். நல்ல பிள்ளை, இங்கேயே பிறந்து வளர்ந்த செந்தூல்காரி. அன்றைக்கு நாங்கள் கதைத்ததை இன்றைக்கும் சொல்லுக்குச் சொல் ஒப்புவிப்பேன். பிறகு அத்தனை பேருக்கு ஒப்புவித்திருக்கிறேன்.

"பிள்ளை, நான் சுங்கை வே ஸ்டோர். கிள்ளான் ஆஸ்பத்திரியிலை இருந்து கதைக்கிறன். அவருக்கு ஒப்பரேஷன்."

"என்னக்கா? சரியா கேக்கல. யாருக்கு ஆஸ்பத்திரி?"

"அவருக்கு, என்ரை மனுசனுக்கு. எனக்கு இப்ப வர ஏலாது பிள்ளை."

"ஐயோ. அப்போ வேலை நிக்கிறீங்களா அக்கா?"

"ஓம் பிள்ளை, நிக்கிறன். கட்டாயம் நிக்கிறன். போஸிட்டைச் சொல்லிவிடுங்கோ."

"கன்பர்மா அக்கா?"

"ஓம், ஓம். நிக்கிறன்."

காசு முடிந்து லைன் அறுந்தது. வேலையைப் பிடித்து வைத்துவிட்டேன் என்ற நிம்மதியோடு படியேறினேன். பின்னால் நின்றவருக்கு நன்றி வேறு சொன்னேன்.

5

ஒன்பது நாள் மூன்று பேரும் ஆஸ்பத்திரியே கதி என்று இருந்தோம். இவர் பிழைத்துவிட்டார். வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தால் காலடியில் ஒரு கடிதம். மலாயில் இருந்தது. ஸ்டோர் மலாய் எனக்கு வரும், கடித மலாய் வராது. மதுராவிடம் கொடுத்தேன்.

மதுராவைப் பற்றி ஊருக்கு எழுதும்போதெல்லாம் நான் ஒரு குறை சொல்லியிருப்பேன். தமிழ் எழுத்துத் தெரியாது. மலாய்ப் பள்ளிக்கூடம், இங்கிலீஷ் சினேகிதிகள். என் பேச்சைச் 'சிலோன் தமிழ்' என்று கேலி செய்வாள். சினேகிதிகள் வந்தால், "அம்மா, ப்ளீஸ், கொஞ்சம் நோர்மலா பேசுங்க லா" என்று காதுக்குள் சொல்வாள். மனம் புண்பட்டிருக்கிறது. பிள்ளை கைவிட்டுப் போய்க்கொண்டே இருக்கிறாள் என்று அழுதும் இருக்கிறேன்.

அவள் கடிதத்தை வாசித்துவிட்டு நிமிர்ந்தாள். "அம்மா, நீங்க ரிசைன் பண்ணிட்டீங்களா? எங்ககிட்ட சொல்லவே இல்ல?"

"நானோ? விசரே உனக்கு?"

"இங்க போட்டிருக்கு. சொந்த விருப்பத்துல வேலை நின்னுட்டாங்கன்னு. போன்ல சொன்னீங்களாம்."

நான் போனில் கதைத்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். பாதியில் அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கத் தொடங்கினாள். பிறகு சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. "அம்மா, அமுதா கேட்டது வேலைய விடுறீங்களான்னு. நீங்க ஆமாம், ஆமாம்னு மூணு தடவ சொல்லியிருக்கீங்க."

கட்டிலில் படுத்திருந்த இவர் மெல்லிய குரலில் கேட்டார். "இஞ்சாரும், நீர் கட்டாயம் எண்டும் சொன்னனீரோ?"

சொன்னேன்தான். ஆறு வருடத்தை நானே என் வாயால் ஊதி அணைத்துவிட்டேன் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு அன்றைக்கு அந்த வீட்டில் சிரித்தவர் ஒருத்தரும் இல்லை.

6

அடுத்த நாளே ஏஜென்சிக்கு ஓடினேன். போஸ் நல்ல வார்த்தைக்காரர். "ஆன்டி, நீங்களே நின்னுட்டீங்க. நான் என்ன செய்ய? மூணு நாள் ஆள் இல்ல, அங்க வேற ஆள் போட்டாச்சு." விளக்கிச் சொன்னேன். "அப்படியா ஆன்டி? ஆனா நாங்க சும்மா நடுவுல இருக்கிற ஆளுங்கதான் லா. வேலை குடுக்கிறது கம்பெனி. அங்க கேட்டுப் பாருங்க."

சுங்கை வேக்குப் போனேன். என் நுழைவுப் பாஸ் இனிச் செல்லாது என்று காவலாளி வாசலிலேயே மறித்தார். ஆள் விவகாரம் பார்க்கும் பெண் வெளியே வந்து, மிகவும் மரியாதையாக, "நீங்கள் எங்கள் ஊழியர் இல்லையே, ஏஜென்சியிடம் கேளுங்கள்" என்று இங்கிலீஷில் சொன்னார். ஸ்டோர் கீப்பர் லிம் மட்டும் பின்னால் ஓடிவந்தார். சீனர், அறுபதை நெருங்கியவர், எங்கள் இருவருக்கும் பொதுவான மொழி சந்தை மலாய்தான். புதிதாக வந்த பெண் என் அட்டைகளை எல்லாம் ஏபிசிடி வரிசைக்கு மாற்றிவிட்டாளாம், இரண்டு நாளாக ஒரு குறிப்பிட்ட ஸ்குரூவைத் தேடுகிறாராம், எப்போது வருகிறாய் என்று கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஸ்குரூ மூன்றாவது தட்டில் இருக்கிறது என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

மறுபடி ஏஜென்சி. "ரெண்டு மூணு வாரம் பொறுங்க ஆன்டி, வேற எடம் பார்த்துத் தரேன். ஆனா எல்லாம் புதுசாதான் ஆரம்பிக்கணும், அத மட்டும் சொல்லிட்டேன்." புதிதாக ஆரம்பிப்பது என்றால் அந்த ஆறு வருடம் இல்லை. வங்கிக் கடிதம் இல்லை. இருந்தும் பொறுத்தேன். இவருக்குக் கஞ்சி காய்ச்சிக்கொண்டு, போஸின் தொலைபேசிக்காக வீட்டிலேயே கிடந்தேன். ஒவ்வொரு கிழமையும் "அடுத்த வாரம் ஆன்டி" என்ற பதில்தான். என் பக்கத்தில் பிழை இருக்கிறது என்று நான் முழுமனதாக நம்பியதால் எனக்குக் கோபம்கூட வரவில்லை.

கோபம் வந்தது மதுராவுக்கு. எனக்குச் சொல்லாமல், பள்ளிக்கூடம் விட்டு, மினி பஸ் பிடித்துத் தொழிலாளர் இலாகாவுக்குப் போய், ஒரு துண்டுப் பிரசுரம் வாங்கிவந்தாள். அதைச் சாப்பாட்டு மேசையில் விரித்து, விரலை வைத்து மலாயில் வாசித்து வாசித்துத் தமிழில் சொன்னாள். என்னால் நம்ப முடியவில்லை. நான் தூரமாகப் போய்விட்டாள் என்று அழுத பிள்ளை, அந்தத் தூரத்தில் கற்றுக்கொண்டதை எடுத்துவந்து எனக்கு முன்னால் வைத்தாள்.

"அம்மா, இங்க பாருங்க. நியாயமில்லாம வேலைய விட்டு எடுத்தா கம்ப்ளெயின்ட் பண்ணலாம். யூனியன் தேவையில்ல. லோயர் தேவையில்ல. ஆனா அறுபது நாளுக்குள்ள போகணும்." கலண்டரை எடுத்துக் கடிதத் திகதியில் இருந்து எண்ணினாள். எண்ணி முடித்து என்னைப் பார்த்து, "இன்னிக்கு ஐம்பத்து மூணு" என்றாள்.

போஸின் 'அடுத்த வாரம்' இன்னும் இரண்டு தடவை வந்திருந்தால் கதை முடிந்திருக்கும். அவர் அதற்காகத்தான் இழுத்தாரா, வழக்கமாகவே அப்படியா என்று இன்றுவரை தெரியாது.

7

விடிந்ததும் இருவரும் தொழிலாளர் இலாகாவுக்குப் போனோம். மதுரா பள்ளிக்கூடத்துக்குக் கட் அடித்தாள். முதல் கவுண்டரில் முக்கால் மணி நேரம் நின்றபின் தவறான கந்தோர் என்றார்கள். சம்பளக் குறை, லீவுக் குறை என்றால் இங்கே, வேலையே போய்விட்டது என்றால் தொழில் உறவு இலாகாவாம், அது வேறு கட்டடம். அங்கே போனால் நிரப்பவேண்டிய பாரம் மலாயில். அதில் 'முதலாளியின் பெயர்' என்ற இடத்தில் இருவரும் முழித்தோம். தொழிற்சாலையா, ஏஜென்சியா?

கவுண்டரில் இருந்தவர் என் சம்பளச் சீட்டைக் கேட்டார். பிறகு சேமநிதிச் சீட்டைக் கேட்டார். "யார் எடுத்தது? யார் சம்பளம் தருவது? யார் பெயரில் நிதி கட்டியிருக்கிறது?" எல்லாவற்றுக்கும் ஒரே பதில். "பிறகென்ன? ஏஜென்சி என்று எழுதுங்கள்" என்றார். ஆறு வருடமாக எனக்குத் தெரியாமல் இருந்த என் முதலாளி யார் என்பது மூன்று கேள்வியில் தெரிந்துவிட்டது. நடுவில் இருக்கிற ஆள் என்று சொன்னவரேதான்.

முத்திரை குத்தி ஒரு பிரதி தந்தார்கள். அதை மடிக்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

8

சில கிழமை கழித்து இரு தரப்பையும் கூப்பிட்டார்கள். நீதிமன்றம்போல ஒன்றை எதிர்பார்த்துக் கூறைச்சேலைக்கு அடுத்த நல்ல சேலையை உடுத்துக்கொண்டு போனேன். ஒரு சின்ன அறை, ஒரு மேசை, ஒரு மின்விசிறி. அதிகாரி ஒரு மலாய்ப் பெண்மணி. பெண்களை மரியாதையாகப் 'புவான்' என்று அழைப்பது இங்கே வழக்கம், நானும் அப்படியே அழைத்தேன். எதிரே போஸும், தொலைபேசிச் செய்திகள் எழுதும் கொப்பியோடு அமுதாவும். எனக்கு மொழிபெயர்க்க மதுரா.

போஸ், நான் என் வாயாலேயே விட்டேன் என்றார். இரண்டு தடவை கேட்டு இரண்டு தடவையும் உறுதி சொன்னேன் என்றார். புவான் அமுதாவிடம் கொப்பியை வாங்கி, தமிழ் தெரியாததால் திருப்பிக் கொடுத்து வாசிக்கச் சொன்னார். அமுதா வாசித்தாள். "சுங்கை வே அக்கா. ஹஸ்பண்ட் ஆஸ்பத்திரி, கிள்ளான். வேலை நிக்கிறாங்க. கன்பர்ம்."

'நிக்கிறாங்க' என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று புவான் கேட்டார். 'பெர்ஹெந்தி', விடுவது, என்றாள் அமுதா. நான் மதுராவைத் தள்ளிவிட்டு என் ஸ்டோர் மலாயில், இல்லை, என் ஊரில் அதற்கு இருப்பது என்று அர்த்தம், நான் வேலையில் இருக்கிறேன் என்றுதான் சொன்னேன் என்றேன். புவான் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "உங்கள் இருவருக்கும் ஒரே மொழிதானே?"

"ஒரே மொழிதான்" என்றோம் இருவரும் ஒரே நேரத்தில்.

"ஒரே சொல்லில் இருக்கவும் செய்வீர்கள், போகவும் செய்வீர்களா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். போஸும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அமுதா கொப்பியை மூடாமல், யாரும் கேட்காமலே மலாயிலும், எனக்காகத் தமிழிலும் சொன்னாள். "புவான், அக்கா அன்னிக்கு அழுதுகிட்டே பேசினாங்க. வேலை வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லல. எனக்கு டவுட்டாத்தான் இருந்திச்சு. திரும்பப் போன் பண்ணிக் கேட்டிருக்கணும், கேக்கல." போஸின் சிரிப்பு நின்றது. முதலாளிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு ஒரு பெண் இப்படிச் சொல்வதற்கு என்ன தைரியம் வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

சொல்லின் அர்த்தத்தில்தான் என் விதி தொங்குகிறது என்று நினைத்து, ஊரில் எப்படி எப்படியெல்லாம் நிற்போம் என்று பத்து உதாரணம் பாடமாக்கிக்கொண்டு போயிருந்தேன். புவான் கையை உயர்த்தி நிறுத்தினார். அவருக்கு அது ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. போஸைப் பார்த்துக் கேட்டார். "அவர் எந்த அர்த்தத்தில் சொல்லியிருந்தாலும் இருக்கட்டும். விலகுவதாக எழுதிய கடிதம் எங்கே?"

போஸ், போனில்தான் சொன்னார் என்றார்.

"விலகலுக்கு எழுத்தில் நோட்டீஸ் வேண்டும். எழுத்து இல்லையென்றால் விலகலும் இல்லை."

போஸ் விடவில்லை. அப்படியென்றால் சொல்லாமல் கொள்ளாமல் இரண்டு நாளுக்கு மேல் வரவில்லை, அதுவும் ஒப்பந்தத்தை முறித்ததுதானே என்றார். அதுவும் சட்டத்தில் இருக்கிறதுதான். புவான் கொப்பியில் விரலை வைத்து, முதல் வரியை மறுபடி வாசிக்கச் சொன்னார். அமுதா வாசித்தாள். ஹஸ்பண்ட் ஆஸ்பத்திரி, கிள்ளான்.

"தகுந்த காரணம் இருந்து, முடிந்த வேளையில் அறிவித்தால் அது முறிப்பு ஆகாது. அறிவித்ததை உங்கள் கந்தோரே எழுதி வைத்திருக்கிறது."

போஸ் கடைசியாக மூன்று மாதப் பேப்பரை எடுத்துப் போட்டார். எப்படியும் அதற்கு அடுத்த மாதம் முடிந்திருக்கும் ஒப்பந்தம்தானே என்றார். புவான், இதற்கு முந்தியவற்றையும் காட்டுங்கள் என்றார். ஆறு வருடப் பேப்பரையும் நான் பிஸ்கட் தகரத்தில் போட்டு வைத்திருந்தேன், மதுரா தகரத்தோடு தூக்கி வந்திருந்தாள். மேசையில் அடுக்கினாள். புவான் ஒவ்வொன்றாகப் புரட்டினார். இடையில் ஒவ்வொரு நாள் ஏன் இல்லை என்று என்னிடம் கேட்டார். பிரேக் என்றேன். திரைச்சீலை தோய்ப்பேன் என்று ஏன் சொன்னேனோ தெரியாது, அதையும் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். "ஒரே வேலை, ஒரே இடம், ஆறு வருடம். ஒரு நாள் துணி தோய்த்ததால் இது தற்காலிகம் ஆகிவிடாது" என்றார். "இது மேலே போனால் நீதிமன்றமும் இதைத்தான் பார்க்கும். யோசித்துச் சொல்லுங்கள்."

போஸ் வெளியே போய் யாருக்கோ தொலைபேசி எடுத்தார். அந்தப் பத்து நிமிடமும் மதுரா என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். திரும்பி வந்தவர் என்னைப் பார்க்காமல் புவானைப் பார்த்து, சுங்கை வேயில் எடுத்துக்கொள்கிறார்களாம், அந்த ஸ்டோர் கீப்பர் ஒரு மாதமாகத் தலைவலி கொடுக்கிறாராம் என்றார். முதல் நாளில் இருந்து தொடர்ந்த சேவை என்று எழுதி, இரு பக்கமும் கையெழுத்துப் போட்டோம். கீழே இறங்கி வந்து, கார்கள் நிறுத்துகிற இடத்தில் நின்று, மகளைக் கட்டிப்பிடித்து ஓவென்று அழுதேன். "அம்மா, எல்லாரும் பாக்கிறாங்க" என்றாள், ஆனால் விலகவில்லை.

அமுதா எங்களைத் தேடிவந்தாள். "சாரிக்கா" என்றாள். நான் அவள் கன்னத்தைத் தடவினேன். "எனக்கும் மூணு மாசப் பேப்பர்தான் அக்கா. இதெல்லாம் போட்டிருக்கிற நோட்டீஸ் எதுவும் இருக்கா உங்ககிட்ட?" என்று கேட்டாள். மதுரா துண்டுப் பிரசுரத்தை எடுத்துக் கொடுத்தாள்.

9

வங்கிக்குக் கொடுக்கக் கடிதம் கிடைத்தது. புதுப் பேப்பரில் முடியும் திகதி என்ற இடத்தில் வெறும் கோடு போட்டிருக்கிறார்கள். லிம்மின் அட்டைகளை மறுபடி வரிசைப்படுத்த எனக்கு இரண்டு கிழமை பிடித்தது. அமுதாவை போஸ் ஒன்றும் செய்யவில்லை, செய்யப் பயம் என்று அவளே சிரித்துக்கொண்டு சொன்னாள். இவருக்கு வயிறு நன்றாகிவிட்டது, அளவுக்கு மிஞ்சி நன்றாகிவிட்டது. நான் சட்டம் படித்தவள் இல்லை, ஒவ்வொரு நாட்டுச் சட்டமும் வேறு. ஆனாலும் உங்களில் யாராவது இப்படி ஒரு பேப்பரில் கையெழுத்து வைத்துக்கொண்டு இருந்தால், ஒரு பேப்பரையும் எறியாதீர்கள், ஒருத்தரின் 'அடுத்த வாரத்தை'யும் நம்பி நாளைக் கடத்தாதீர்கள்.

போன திங்கட்கிழமை லிம்மிடம் ஒரு லீவுப் பாரம் கேட்டேன். அவர் சுகமில்லையா என்றார். இல்லை, நல்ல சுகம் என்றேன். பாரத்தில் 'காரணம்' என்று ஒரு கட்டம் இருந்தது. குடும்ப அலுவல் என்று எழுதச் சொல்லி மதுரா சொல்லித் தந்திருந்தாள். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தேன். குடும்பத்தில் ஒரு அலுவலும் இல்லை. பிறகு 'சாஜா சாஜா' என்று எழுதினேன். மலாயில் அதற்கு 'சும்மா' என்று அர்த்தம். லிம் வாசித்தார், கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார்.

அந்த லீவு நாளில் வீட்டில் இருந்துகொண்டுதான் இதை எழுதுகிறேன். மணி பதினொன்றாகிறது, இன்னும் தலைகூட வாரி இழுக்கவில்லை. நான் எங்கே என்று இன்றைக்கு ஒருத்தருக்கும் போன் பண்ணிச் சொல்லத் தேவையில்லை.